பதினாலு பூர்த்தியானவள்

எழுதியிருக்கிற எதையும் அவளால் படிக்காமல் தாண்டிப் போக முடியாது. கடலை மடித்து வந்த காகிதம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், தீப்பெட்டி, சுவரில் பாதி கிழிந்து தொங்கும் நாடக நோட்டீஸ், எதுவானாலும் நின்று, உரக்க, ஓர் எழுத்து விடாமல் படித்தாக வேண்டும். படித்ததை அப்படியே நம்பிவிடவும் வேண்டும். முதல் பழக்கம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இரண்டாவதைப் பற்றி அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம். எனக்கு அந்த நாளில் யோசிக்கிற வழக்கம் இல்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. இண்டர்மீடியட் முடித்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் கல்யாணத்துக்குக் காத்திருப்பது என்கிற உத்தியோகத்தில் இருந்தேன். திருச்சியில் வக்கீலாத்து மாமி ஒரு மாதர் சங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். மாமிக்கு ஒரு யோசனை வந்தது. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு ஏழைப் பள்ளிக்கூடப் பெண்ணைப் பொறுப்பெடுத்துக் கொள்வது. வாரத்தில் இரண்டு நாள் போய் அவளோடு உட்கார்ந்து படிப்பது. பெற்றோர் படிப்பை நிறுத்தப் பார்த்தால் பேசி நல்ல வழிக்குக் கொண்டு வருவது. கூட்டத்தில் முதலில் கையைத் தூக்கினது நான்தான். என் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்கே வேணும்னாலும் போ. திரும்பி வந்தா தீர்த்தமாடிட்டு உள்ளே வா."

அப்படித்தான் செவ்வாயும் வெள்ளியும் காவேரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் போய், உறையூரில் ஒரு பெண்கள் பாடசாலையில் இறங்கத் தொடங்கினேன். பள்ளி விட்ட பிறகு காலியான எட்டாம் வகுப்பில் அவள் எனக்காக உட்கார்ந்திருப்பாள். எட்டாம் வகுப்பில் அவள்தான் சின்னவள். நடுவில் ஒரு வருஷம் இரட்டைப் பாஸ் கொடுத்துத் தூக்கிப் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. அக்கா என்று கூப்பிடு என்றேன். அது மரியாதைக் குறைவாகப் பட்டதோ என்னவோ, "அக்காம்மா" என்றாள். கடைசிவரை அதை மாற்றவே முடியவில்லை.

முதல் நாள் என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் படித்துவிட்டு, "இத வேற யாருக்கும் குடுக்கக் கூடாதாம் அக்காம்மா, போட்டிருக்கு" என்று கவலையோடு சொன்னாள். கசக்கித் தூர எறிய இருந்ததை, அவளுக்காகப் பையில் பத்திரப்படுத்தினேன்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒருமுறை அவளைக் கூட்டிப் போனேன். 'இங்கே துணி துவைக்கக் கூடாது' என்று பலகை. அதற்கு நேர் கீழே ஒரு பெரிய மனிதர் வேட்டியை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். இவள் படியிறங்கிப் போய், "ஐயா, படிக்கத் தெரியாதுங்களா? நான் படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உதவிதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதிப் படியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவள் அப்பா உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவர். அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்குள் போனாலே புகையிலை நெடி தொண்டையைப் பிடிக்கும். நான் போனால் ஒரு முக்காலியைத் தோளில் இருக்கும் துண்டால் நாலு தடவை துடைத்துப் போடுவார். ஒருமுறை அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கொடுத்த மருந்துப் புட்டியில், வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்காகப் பல் பல்லாக வெட்டின காகிதம் ஒட்டியிருந்தது. 'தினம் மூன்று வேளை, நன்றாகக் குலுக்கி, தீரும் வரை சாப்பிடவும்.' இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுப் போயிற்று. அம்மா எழுந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். இவள் விடவில்லை. அடுப்படியில் போய் நின்று, புட்டியைக் குலுக்கி, கடைசிப் பல் வரைக்கும் ஊற்றிக் கொடுத்து முடித்தாள்.

"நல்லாயிடுச்சுடின்னா கேக்க மாட்டேங்கிறாம்மா. கசப்பு உசுரு போவுது," என்று அவள் அம்மா என்னிடம் முறையிட்டாள்.

"தீரும் வரை சாப்பிடவும்னு போட்டிருக்கே," என்றாள் இவள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப் போனது. பிடித்துப் போனதால் சீண்டவும் செய்வேன். ஒரு நாள் கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டிருந்தாள். அவள் நோட்டில் விளையாட்டாக, 'இவள் ஒரு கழுதை' என்று எழுதினேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் செத்துப் போயிற்று. நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா சொன்னேன்டி."

"சொல்லலீங்களே அக்காம்மா. எழுதிட்டீங்களே."

அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டேன். போதவில்லை. கடைசியில் அதற்குக் கீழே 'இவள் கழுதை அல்ல, மிகவும் கெட்டிக்காரி' என்று எழுதி, என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, தேதியும் போட்ட பிறகுதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றாள். பஸ்ஸில் வரும்போது இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவளுக்கு வயது என்ன என்பதில் உறையூரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. காவேரியும் கொள்ளிடமும் ஒன்றாகிப் போன அந்தப் பெருவெள்ளத்தின்போது அவள் ஏழு நாள் குழந்தை. முறத்தில் துணி போட்டுக் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் தூக்கிக்கொண்டு போனாராம் அவள் அப்பா. வெள்ளத்தில் பிறந்தவள் என்றே தெருவில் பெயர். பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் அப்படியே கணக்கிட்டு எழுதியிருந்தார்கள். அதன்படி எட்டாம் வகுப்புப் பரீட்சையில் அவள் பாஸ் செய்தபோது பன்னிரண்டுதான் பூர்த்தியாகியிருந்தது.

எட்டாம் வகுப்போடு அந்தப் பள்ளி முடிகிறது. அதற்கு மேல் ஹைஸ்கூலுக்கு அனுப்ப அவர்களுக்கு வசதியும் இல்லை, வழக்கமும் இல்லை. ஆனால் வாத்தியாரம்மாக்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம், சாப்பாடு அவர்களே போட்டுவிடுவார்கள். அந்தப் பள்ளியின் விதிமுறைக் காகிதத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தது நான்தான். தலை முதல் கால் வரை மூன்று தடவை உரக்கப் படித்தாள். 'மாணவிகள் கொண்டுவர வேண்டியவை: வெள்ளைப் புடவை இரண்டு, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, பூட்டுடன் கூடிய டிரங்குப் பெட்டி ஒன்று.' அடுத்த வெள்ளிக்கிழமை நான் போனபோது தட்டும் டம்ளரும் புளி போட்டுத் தேய்த்து, தனியாக எடுத்து வைத்தாயிற்று. டிரங்குப் பெட்டிக்குப் பதில் பிஸ்கட் தகரம் ஆகுமா என்று கேட்டாள்.

அதே காகிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பதினாலு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் வீட்டில் உட்காரவைத்தால் அவள் திரும்பப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பள்ளித் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி, ஓய்வு பெறப் போகிறவள். "சங்கத்துலேருந்து வயசு பத்தி லெட்டர் கொடுத்தா ரிஜிஸ்டர்ல திருத்திச் சர்ட்டிபிகேட் கொடுத்துடறேன்மா. நமக்கு எதுக்கு, பொண்ணு நல்லா இருந்தாச் சரி," என்றாள். லெட்டரை நானே எழுதினேன். 'இப்பெண்ணின் குடும்பத்தை நாங்கள் நன்கு அறிவோம். இவளுக்குப் பதினாலு வயது பூர்த்தியாகிவிட்டது.' வக்கீலாத்து மாமி கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அதன் நடுவில் இதை வைத்தேன். மாமி பேசிக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குப் பாலத்தில் பஸ் வரும்போது என்னைப் போலக் கெட்டிக்காரி ஸ்ரீரங்கத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொன்ன நினைப்பே இல்லை.

சர்ட்டிபிகேட்டை அவள் கையில் கொடுத்தபோது படித்தாள். மறுபடி படித்தாள்.

"பதினாலா அக்காம்மா?"

"ஆமாம். பதினாலுதான்."

"அப்போ வெள்ளம் ரெண்டு வருசம் முன்னாடியே வந்திருக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பாவுக்குத்தான் சரியா ஞாபகமில்ல," என்றும் சேர்த்துக்கொண்டாள். இதுவும் எனக்கு அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவளுக்கு ஒரு தாய்மாமன் இருந்தார். திருவெள்ளறைப் பக்கம் வாழை போட்டிருந்தவர், முப்பது வயதுக்காரர், மூத்த சம்சாரம் இறந்து போய்விட்டாள். காந்தி மார்க்கெட்டில் தார் இறக்கிவிட்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார். நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒரு சீப்புப் பழத்தைத் தனியாக எடுத்து வைத்துக் கொடுத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தாய்மாமன் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் அவர்கள் பக்கத்தில் இல்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. இத்தனை நாள் முக்காலியில் உட்கார்ந்து அவர்களுக்குப் புத்தி சொன்னேனே தவிர, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கேட்டதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவள் அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். முக்காலியைத் துடைக்கவில்லை.

"பொண்ணுக்குப் பதினாலு ஆவாம கட்டிக்குடுத்தா போலீஸு பிடிக்கும், சட்டம் வந்திருக்குன்னு சொல்லித்தாம்மா மச்சினன நிறுத்தி வச்சிருந்தேன்," என்றார். "ரெண்டு வருசம் தள்ளிட்டா அவனே வேற எடம் பாத்துக்குவான்னு இருந்தேன். நீங்களே பதினாலுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களேம்மா."

நடந்தது இதுதான். தாய்மாமன் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது இவள் சர்ட்டிபிகேட்டோடு உள்ளே வந்திருக்கிறாள். வழக்கம் போல வாசற்படியில் நின்று உரக்கப் படித்திருக்கிறாள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"வெள்ளத்துல பொறந்தவன்னு அவனுக்குத் தெரியாதாம்மா? தெரியும். 'நமக்குத் தெரிஞ்சா என்ன மாமா, போலீஸுக்குக் காகிதந்தானே வேணும், அது வந்துடுச்சு'ங்கிறான். ஆடி பொறக்கறதுக்குள்ள முகூர்த்தம் வச்சுட்டாங்க. நான் என்னத்தச் சொல்லி மறிக்கிறது?"

அவள் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தம்பிக்கும் மகளுக்கும் நடுவில் அகப்பட்டவள். பெண் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை மச்சினன் வரான். தப்பா எழுதிட்டோம்னு சங்கத்துலேருந்து ஒரு கடுதாசி வாங்கியாந்து, பள்ளிக்கூடத்துல பழையபடி மாத்திக் குடுத்துடுங்க. காகிதம் இல்லேன்னா அவனுக்கும் பயந்தான். செய்வீங்களாம்மா?"

"வெள்ளிக்கிழமை கொண்டு வரேன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

கடுதாசி வேண்டுமென்றால் வக்கீலாத்து மாமியிடம் போய், உங்கள் கையெழுத்தைப் பொய்க்கு வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். அந்த மாமியின் அண்ணா பிள்ளைக்குத்தான் என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். புதனன்று மாமி வீட்டு வாசல் வரை போனேன். உள்ளே விருந்தாளிகள். அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு திரும்பினேன். வியாழனன்று மாமியே எங்கள் ஆத்துக்கு வந்து, மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். என் கன்னத்தைத் தட்டி, "பொறுப்பான பொண்ணு. ஒரு காகிதம் எழுதினா நான் படிச்சுக்கூடப் பாக்க மாட்டேன்," என்று அம்மாவிடம் சொன்னாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். காபி கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்ததால் உறையூருக்குப் போக முடியவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வந்தது மாலை நாலு மணிக்கு. காலை முழுவதும் நான் தலை உலர்த்திக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "எல்லாரும் மாமன் ஊருக்குப் போயிருக்காங்க. நேத்து கல்யாணம். உங்களுக்குச் சொல்லலீங்களா?" என்றாள். எனக்குத் தையில் கல்யாணம் நடந்தது. கணவருக்குத் திருச்சியில் உத்தியோகம். புத்தூரில் குடித்தனம் வைத்தோம். மாமி எனக்கு வெள்ளிக் கூஜா பரிசளித்து, என் சமூக சேவையைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். எல்லோரும் கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

அவளை அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்து, பெண்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ராத்திரி ஏழு மணிக்கு மாமியாரும் நானும் அவளுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனோம். வார்டு வாசலில் ஒரு நர்ஸ் புது கேஸுக்கு ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால் இப்போது தரைக்கு எட்டியது. வயிறுதான் முதலில் கண்ணில் பட்டது. முகம் அதே முகம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வயசு?" என்றாள் நர்ஸ்.

"பதினாறு," என்று அவள் சொன்னாள்.

நர்ஸ் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "பார்த்தா அப்படித் தெரியலையே. ஏம்மா, உம் பொண்ணுக்குப் பதினாறா?" அவள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

"அவங்களக் கேளுங்க. அக்காம்மாவுக்குத் தெரியும். அவங்கதான் எழுதுனாங்க."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. படிச்சவங்களாத் தெரியறீங்க. பதினாறுதானா?"

என் மாமியார் கூஜாவோடு என் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறுதான்," என்றேன்.

"அப்ப சரி. பதினாலு, பதினஞ்சுன்னா நான் தொடமாட்டேன். டாக்டரம்மாவை வீட்டுலேருந்து கூப்பிட்டு அனுப்பணும்," என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் எழுதினாள். அவள் எழுதி முடிக்க அரை நிமிஷமாவது ஆகியிருக்கும். அந்த அரை நிமிஷமும் நான் அங்கேதான் நின்றேன். அந்தப் பெண் கழுத்தை நீட்டி ரிஜிஸ்டரைத் தலைகீழாகப் படித்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் கூட்டியிருக்கேன், இல்லீங்களா அக்காம்மா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவளை உள்ளே கூட்டிப் போனார்கள்.

"யாருடி அது?" என்றாள் மாமியார்.

"ஸ்கூல்ல பாத்த பொண்ணும்மா."

மறுநாள் தலைவலி என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உறையூரும் தூரமில்லை. போய்க் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

பத்தாம் நாள் நாத்தனார் குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து வார்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குழந்தைக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் மன்னி, எங்க வார்டுக்கு ஒரு சின்னப் பொண்ணு வந்தாளே, உங்களைத் தெரியும்னு சொல்லிண்டிருந்தா. அவளுக்கு என்னாச்சுன்னா..."

"இருடி, பால் பொங்கறது," என்று சொல்லி எழுந்து சமையலுள்ளுக்கு ஓடினேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. தணல் அவிந்து ரொம்ப நேரமாகியிருந்தது. கூடத்தில் அவர்கள் வேறு பேச்சுக்குப் போகும்வரை அங்கேயே நின்றேன்.